கார்விக்கில் ஒரு சிவப்பு நாற்காலி

வெர்லீன் பிரெவிட்டின் கையில் விலங்கு விழுந்தபோது காலை மணி ஒன்பது இருபது. நான் எதிர்வீட்டுத் தபால்பெட்டிக்குள் கேஸ் பில்லைச் செருகிக்கொண்டிருந்தேன்.

"டேய் டேனி, உனக்கு மழைக்கோட்டுப் பொத்தான் போட்டுவிட்டவடா நான். என்கிட்டயே அடையாள அட்டை கேக்குறியா?"

தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

டேனி யூரிக் போலீஸ் உடுப்புப் போட்டு ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. வெள்ளைத் தோல், காது இரண்டும் தக்காளிபோல் சிவந்துவிட்டன.

"மேடம், கையப் பின்னால கொண்டு வாங்க."

மேடம்! எங்கள் ஊரில் அவளை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. பள்ளிக்கூட முக்கில் ஐந்து சாலை கூடும் இடத்தில், ஆரஞ்சு மேல்சட்டையும் கையில் ஸ்டாப் பலகையுமாக இருபத்தாறு வருஷம் நின்று பிள்ளைகளைச் சாலை கடத்திவிட்டவள். கரி லாரிகள் அவளைக் கண்டால் தூரத்திலேயே மூச்சை அடக்கும். கறுப்புப் பிள்ளை, வெள்ளைப் பிள்ளை, நாய்க்குட்டியைப் பைக்குள் ஒளித்துக்கொண்டு வரும் பிள்ளை, எல்லாருக்கும் அவள் மிஸ் வெர்லீன். டேனிக்கும்தான்.

அவளைக் காரில் ஏற்றினார்கள். வாசல்படியில் ஒரு நாற்காலி மட்டும் நின்றது. சிவப்பு ரெக்ஸின் இருக்கை, பளபளக்கும் இரும்புக் கால். எடுத்துப்போக மறந்துவிட்டார்கள்.

எல்லாம் அந்த நாற்காலிக்காகத்தான்.

*

கார்விக் ஆற்றங்கரை ஊர். ஒருகாலத்தில் இரும்பாலை ஊர். ஆற்றை ஒட்டிய கீழ்த்தெருவில் கறுப்பர்கள் நாங்கள். மேட்டுத்தெருவில் ஸ்லோவாக்கியாவிலிருந்து ஆலை வேலைக்கு வந்த வெள்ளைக்காரர்கள். நடுவில் நாற்பத்தெட்டுப் படிகள். தபால்காரனாக முப்பது வருஷம் அந்தப் படிகளை ஏறி இறங்கிய முழங்கால் இது, எண்ணிக்கை தப்பாது.

சட்டப்புத்தகத்தில் இல்லாத சட்டம் ஒன்று எங்களுக்கு உண்டு. பனி கொட்டினால் அவரவர் கார் நிற்கும் இடத்தை அவரவர்தான் வாரிக்கொள்ள வேண்டும். வாரி முடித்ததும் நடுவில் ஒரு நாற்காலி. அவ்வளவுதான். நீ வேலைக்குப் போ, கடைக்குப் போ, இரண்டு நாள் தங்கை வீட்டில் கிட. திரும்பி வந்தால் இடம் உன்னுடையது. தேவாலய உண்டியலில் கைவைத்தவனைக்கூட மன்னிப்போம். நாற்காலியை நகர்த்தியவனை மன்னிக்க மாட்டோம்.

அந்த பிப்ரவரியில் இடுப்பளவு பனி. வெர்லீன் இரண்டு நாள் மண்வெட்டி பிடித்தாள். அவள் புருஷன் ஓடெல் சன்னலோரம் மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு உட்கார்ந்து, "இடது பக்கம் இன்னும் கொஞ்சம், வெர்" என்று மேஸ்திரி வேலை பார்த்தார். இரும்பாலைக்குக் கரி சுடும் கோக் சூளையில் முப்பத்தோரு வருஷம் வெந்த நுரையீரல் அவருடையது. அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக கார் வாசலிலேயே நின்றாக வேண்டும்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறந்தது. வெர்லீன் காரை எடுத்துக்கொண்டு, இடத்தில் நாற்காலியை வைத்துவிட்டு, முக்குக்குப் போனாள். ஒன்பது மணிக்குத் திரும்பினால் நாற்காலி இல்லை. நிமிர்ந்து பார்த்தாள். மேட்டுத்தெருவில், ஜோ சபோல் வீட்டு வாசலில், வாரிய இடத்தின் நடுவே அதே சிவப்பு நாற்காலி!

படி ஏறினாள். தூக்கினாள். தலைமேல் கவிழ்த்துக்கொண்டு இறங்கினாள். சன்னல் வழியாகப் பார்த்த சபோல் போலீசுக்குப் போன் போட்டார்.

அதை ஒரு வெள்ளைக்காரன்தான் எடுத்திருப்பான் என்று அவள் நினைத்தாளா? நினைத்திருப்பாள். நானும் அதையேதான் நினைத்தேன்.

*

விஷயம் அன்றைக்கே முடிந்திருக்க வேண்டியது. ஸ்டேஷனிலிருந்து சார்ஜென்ட்டே ஓடெலுக்குப் போன் போட்டார்: "பையன் அவசரப்பட்டுட்டான். வழக்கெல்லாம் வராது. நாளைக்குக் காலையில போலீஸ் தலைவர் புகாரக் கிழிச்சுப் போட்டுருவாரு." இரண்டு மணிக்கு வெர்லீன் வீடு வந்தாள். மணிக்கட்டில் சிவப்புக் கோடு. ஓடெல் பன்றிக்கால் போட்டு வேகவைத்த பீன்ஸும் சோள ரொட்டியும் எடுத்துவைத்தார். சாப்பிட்டாள்.

ஐந்து மணிக்கு மேயர் வாயைத் திறந்தார்.

ராய்ஸ் காட்ஸ்டன் எங்கள் கீழ்த்தெரு ஆள். ஊரின் முதல் கறுப்பு மேயர். இலையுதிர் காலத்தில் மாநில செனட்டுக்கு நிற்கப்போகிறார். பனி வாரும் லாரிகளைப் பற்றிப் பேசத்தான் நிருபர்களைக் கூட்டியிருந்தார். ஒருத்தி எழுந்து கைதைப் பற்றிக் கேட்டாள்.

"எல்லா விவரமும் எனக்குத் தெரியாது," என்றார் மேயர். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். "ஆனா தன் சொந்த நாற்காலிக்காக ஒரு கறுப்புப் பெண்ண அவ வாசப்படியிலேயே விலங்கு மாட்டினது முட்டாள்தனம். இந்த நாட்டுல இது இன்னிக்கு நேத்து நடக்குறதும் இல்ல."

முடிதிருத்தும் கடையில் நாங்கள் கைதட்டினோம். சவரக் கத்தியைக் கழுத்தில் வைத்தபடியே கடைக்காரன் கத்தினான்: "எத்தன வருஷமா யாராவது சொல்ல மாட்டாங்களான்னு காத்திருந்தோம்டா!"

மறுநாள் காலை போலீஸ் சங்கம் அறிக்கை விட்டது. விவரம் தெரியாத மேயர் மன்னிப்புக் கேட்கும்வரை ஒரு வழக்கும் கிழிபடாது. தலைவருக்கு வேறு வழியில்லை; கிழித்தால் அவருடைய ஆட்களே அவரைக் கிழிப்பார்கள். திருட்டு, பொது இடத்தில் கூச்சல் என்று இரண்டு குற்றச்சாட்டு. அடுத்த வாரம் வியாழக்கிழமை மாஜிஸ்திரேட் முன் விசாரணை. சாலை கடத்தும் வேலை எங்கள் ஊரில் போலீஸ் இலாகாவுக்குக் கீழே வருவது. அதனால் ஆரஞ்சு மேல்சட்டையையும் பலகையையும் ஒப்படைக்கச் சொன்னார்கள். குற்றம் நிரூபணமானால் முக்கு நிரந்தரமாகப் போய்விடும்.

மேயர் நல்லது செய்யத்தான் நினைத்தார். நான் சத்தியம் பண்ணுவேன். ஆனால் அவர் பேசாமல் இருந்திருந்தால் புதன்கிழமை அவள் முக்கில் நின்றிருப்பாள்.

*

பிறகு கடிதங்கள். என் பை கிழிந்தது.

'நாற்காலிப் பெண்மணி, கார்விக்.' அவ்வளவுதான் விலாசம். அலபாமாவிலிருந்து ஒரு பாதிரியார், ஓரிகனிலிருந்து ஒரு மூன்றாம் வகுப்பு. கையெழுத்தில்லாமல் வந்த சில உறைகளில் என்ன இருந்தது என்பதை அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். ரேடியோவில் ஒருவன், கறுப்பர் எல்லாரும் பொய்யர் என்றான். அடுத்தவன், போலீஸ் எல்லாரும் மிருகம் என்றான். ஒருவருமே கார்விக்கில் பனியைப் பார்த்ததில்லை.

"டாலிவர், இதையெல்லாம் அனுப்பினவனுக்கே திருப்பி அனுப்ப முடியாதா?" என்று என்னிடம் கேட்டாள்.

"ஸ்டாம்ப் ஒட்டியிருக்கே, வெர்லீன். கொடுத்துத்தான் ஆகணும்."

"எனக்கு முக்குல யார் நிக்கிறான்னு மட்டும் சொல்லு."

"ஒரு போலீஸ்காரன். காருக்குள்ள உக்காந்துக்கிட்டே கையக் காட்டுறான்."

சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அந்த யோடர் வீட்டுச் சின்னக்குட்டி பாத்துட்டு ஓடாது. ஓடிட்டுத்தான் பாக்கும். அவன்கிட்ட யாராச்சும் சொன்னீங்களா?"

*

அடுத்த திங்கட்கிழமை வெயில் அடித்தது. பனி இளகத் தொடங்கியது.

கீழ்த்தெரு முனையில் நீலத் தபால்பெட்டி ஒன்று உண்டு. பனி தள்ளும் லாரி அதன் பக்கத்தில்தான் மலைபோல் பனியைக் குவித்துவிட்டுப் போயிருந்தது. பெட்டியைத் திறக்கக் குனிந்தேன். குவியலிலிருந்து ஏதோ மின்னியது. இரும்புக் கால். அதற்கு மேலே ஒரு விரலளவு சிவப்பு.



எல்லாம் ஒரு நொடியில் விளங்கிவிட்டது. அன்று காலை வந்த லாரி அவள் நாற்காலியையும் சேர்த்து அள்ளிக்கொண்டு வந்து இங்கே புதைத்திருக்கிறது. அப்படியானால் மேட்டுத்தெருவில் இருந்தது? சபோலின் நாற்காலி. இரும்பாலை நடத்திய கம்பெனிக் கடையில் ஊருக்கே ஒரே மாதிரி நாற்காலிதான் விற்றார்கள். வெள்ளைக்காரர் முன்வாசல் வழியாகப் போய் வாங்கினார்கள், நாங்கள் பக்கவாசல் வழியாக. நாற்காலி மட்டும் ஒன்றுதான்.

ஒளிக்காமல் சொல்கிறேன். சுற்றுமுற்றும் பார்த்தேன். பூட்ஸால் பனியைத் தள்ளி அந்த நாற்காலிக் காலை மூடினேன். செவ்வாய்க்கிழமையும் மூடினேன்.

புதன்கிழமை மழை பெய்தது. நாற்காலி முழுசாக வெளியே வந்து, யாரையோ எதிர்பார்ப்பதுபோல் நடைபாதையில் நின்றது. இனி மறைக்க முடியாது. தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாக பிரெவிட் வீட்டுச் சமையலறைக்குள் போனேன்.

வெர்லீன் போனில் இருந்தாள். "சரி... சரிங்க... ஏழு மணிக்கு... கொண்டு வரேன்." ரிசீவரை வைத்தாள். "மேயர் ஆபீஸ். இன்னிக்குத் தேவாலயத்துல கூட்டமாம். நாற்காலிய மேடையில வெக்கணுமாம். டிவிக்காரங்க..."

திரும்பினாள். என் கையில் ஒரு சிவப்பு நாற்காலி. மேஜைக்கு அந்தப் பக்கம் ஓடெல் உட்கார்ந்திருந்தது இன்னொரு சிவப்பு நாற்காலி.

 ஆக்சிஜன் மிஷின் மட்டும் புஸ் புஸ் என்றது.

நான் கொண்டுவந்ததை அவள் கவிழ்த்தாள். இருக்கைக்கு அடியில் பின்னங்கால் சேரும் இடத்தில், துருப்பிடித்த ஒரு போல்ட். முன்பு பழுதுபார்த்தபோது ஓடெல் போட்டது.

"எங்க கெடச்சுது?"

"தபால்பெட்டிப் பக்கம். லாரி தள்ளியிருக்கு."

"எப்ப?"

நான் தரையைப் பார்த்தேன். "திங்கட்கிழம."

"இன்னிக்குப் புதன், டாலிவர்."

"தெரியும்."

அவள் ஓடெல் பக்கம் திரும்பினாள். "ஏங்க, எழுந்திரிங்க. நீங்க யார் நாற்காலியில உக்காந்திருக்கீங்க தெரியுமா?"

ஓடெல் எழுந்திருக்கவில்லை. குழாயைச் சரிசெய்துகொண்டார். "தெரியும்."

"என்னது?"

"மொத நாளே தெரியும். உக்காந்ததும் தெரிஞ்சுபோச்சு. நம்மது இடது பக்கம் ஆடும். இது ஆடல."

"ஒம்பது நாளா வாயத் தொறக்கலியே!"

"நீ ஜெயிச்சுக்கிட்டிருந்தே, வெர்."

அவள் சிங்க்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று முதுகைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

"அந்தச் சூளையில முப்பத்தோரு வருஷம்," என்றார் ஓடெல். "போர்மேன் என்னப் பேரு சொல்லிக் கூப்பிட்டதில்ல. 'ஏய்'ம்பான். ஒருநாள்கூட நான் ஜெயிச்சதில்ல. டிவியில ஒன் பேரச் சொல்றான் பாரு, மிசஸ் பிரெவிட்டுங்குறான். நாடு பூராவும் கேக்குது. ஒரு நாற்காலிக்காக அத நான் கெடுப்பேனா?"

"அது பொய்ங்க."

"விலங்கு பொய்யா?"

 அவள் மேஜை முன்னால் உட்கார்ந்தாள். எங்கள் மூவருக்கும் காப்பி ஊற்றினாள். ஊற்றியதை யாரும் குடிக்கவில்லை.

நான் சொன்னேன்: "இப்பச் சொன்னா போலீஸ் சங்கம் கூத்தாடும். மேயர் முகத்துல கரி. அந்த ரேடியோக்காரன் ஒரு மாசம் இதையே மெல்லுவான். நாளைக்கு மாஜிஸ்திரேட் திருட்டுன்னு எழுதிட்டா ஒன் முக்கு போச்சு. சொல்லாட்டி யாருக்கும் தெரியப்போறதில்ல. இந்த நாற்காலிய நான் ஆத்துல போட்டுர்றேன்."

"போடுவியா?"

"போடுவேன்."

"நீ தபால்காரன். ஸ்டாம்ப் ஒட்டுனதக் கொடுத்துத்தான் ஆகணும்னு சொன்னவன்."

காதைத் திருகியதுபோல் இருந்தது.

அவள் கோட்டை மாட்டினாள். "ஏங்க, இப்ப எழுந்திரிங்க."

ஓடெல் மெதுவாக எழுந்து, ஆடுகிற நாற்காலிக்கு மாறினார். உட்கார்ந்து ஒருமுறை இடது பக்கம் ஆட்டிப் பார்த்தார். "பனியில கெடந்தும் ஒண்ணும் ஆகல," என்றார் எரிச்சலோடு.

*

நாற்பத்தெட்டுப் படிகள். நான் தூக்குகிறேன் என்றதற்கு விடவில்லை. அன்றுபோலவே தலைமேல் கவிழ்த்துக்கொண்டு ஏறினாள். மேட்டுத்தெருச் சன்னல்களில் திரைச்சீலைகள் அசைந்தன. முட்டைக்கோஸும் வெண்ணெயில் வதங்கும் வெங்காயமும் மணத்தன. முப்பது வருஷம் அந்த மணத்துக்குள் நடந்திருக்கிறேன். ஒரு வீட்டிலும் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை.

ஜோ சபோல் கதவைத் திறந்தார். இரும்பு உருட்டாலையில் கிரேன் ஓட்டியவர். பெண்டாட்டி இறந்து நாலு வருஷம். நாற்காலியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"கேமராக்காரன் எங்க ஒளிஞ்சிருக்கான்?" என்றார்.

"யாரும் இல்ல. டாலிவர் மட்டும்தான். ஒங்க நாற்காலி, மிஸ்டர் சபோல். என்னோடதுன்னு நெனச்சுத் தூக்கிட்டேன். திருப்பிப் பாத்திருக்கணும், பாக்கல. தப்பு என்னோடது."

அவர் நாற்காலியை வாங்கிக் கவிழ்த்தார். அடியில் நீலப் பென்சிலில் ஏதோ ஒரு பெண்பேர் எழுதியிருந்தது. கட்டைவிரலால் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு நிமிர்த்தி வைத்தார்.

"ஒன்பது நாளா ரேடியோவுல என்னத் திருடன்னு சொல்றான். ஒருத்தன் போன் போட்டு வீட்டக் கொளுத்துவேன்னான்."

"எனக்கும் வந்துச்சு. கடுதாசியா."

"நான் நாற்காலியத்தான் கேட்டேன்," என்றார் சபோல். குரல் உயர்ந்தது. "போன்ல அதான் சொன்னேன். நாற்காலிய வாங்கிக் குடுங்கன்னேன். விலங்கு மாட்டுங்கன்னா சொன்னேன்?"

"யாரு எடுத்தான்னு கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"என்ன சொன்னீங்க?"

சபோல் கதவுப் பிடியைத் திருகிக்கொண்டே நின்றார். "கறுப்புப் பொம்பளன்னேன்."

"ஆரஞ்சுச் சட்ட போட்டிருந்தேனே, மிஸ்டர் சபோல். ஒங்க மூணு பசங்களையும் நான்தான கடத்திவிட்டேன். என் பேரு ஒங்களுக்குத் தெரியும்."

 அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. 'உள்ளே வாங்க' என்று அவர் சொல்லவில்லை என்பதையும், நாங்கள் அதை எதிர்பார்க்கவில்லை என்பதையும் இங்கே எழுதிவைக்கிறேன். பத்தாவது படியில் இறங்கும்போது பின்னால் குரல் கேட்டது.

"நாளைக்கு எத்தன மணிக்கு?"

"பத்து," என்றாள் திரும்பாமல்.

*

அன்று ஏழு மணிக் கூட்டத்துக்கு அவள் போகவில்லை. மேயர் ஆபீசுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள்.  மேடையில் மேயர் பனி லாரிகளைப் பற்றிப் பேசினாராம்.

வியாழக்கிழமை மாஜிஸ்திரேட் அறையில் நிற்க இடமில்லை. ஒரு பக்கம் எங்கள் தேவாலயத்துப் பெண்களின் தொப்பிகள். மறுபக்கம் போலீஸ் உடுப்புகள். நடுவில் கேமராக்கள். டேனி யூரிக் முன்வரிசையில் தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

வெர்லீன் எழுந்தாள். நீளமாகப் பேசவில்லை.

"நாற்காலி என்னோடது இல்ல. நேத்துத்தான் தெரிஞ்சுது, நேத்தே திருப்பிக் குடுத்துட்டேன். மேயர் என் சொந்த நாற்காலின்னாரு. அவருக்குத் தெரியாது. எனக்கே தெரியல."

உடுப்புகளின் பக்கம் ஒரு சலசலப்பு. ஒருவன் 'பாத்தியா' என்றான். தொப்பிகள் தாழ்ந்தன. தேவாலயத்து அக்கா ஒருத்தி, "ஐயோ வெர்லீன், ஐயோ கண்ணு" என்று முனகினாள்.

"இன்னும் முடிக்கல," என்றாள் வெர்லீன். முக்கில் லாரிக்காரர்களை அடக்குகிற அதே குரல். சலசலப்பு நின்றது. "நாற்காலி சபோலோடது. ஆனா விலங்கு மாட்டுன கை என்னோடது. அந்தப் பையன் எனக்குத் தெரிஞ்ச பையன். அவனுக்கும் என்னத் தெரியும். இது யாரு நாற்காலின்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா, திருப்பிப் பாத்திருப்பேன். கேட்டது அட்டை. நான் எல்லார் முன்னாடியும் அவனக் கேலி பண்ணினேன், அது தப்பு. ஆனா கேலிக்கு விலங்கு இல்ல."

மாஜிஸ்திரேட் புகார்தாரரைக் கூப்பிட்டார். கடைசி வரிசையில் சபோல் எழுந்தார். ஞாயிற்றுக்கிழமைக் கோட்டுப் போட்டிருந்தார்.

"என் நாற்காலி வந்துருச்சு. எனக்குப் புகார் இல்ல," என்றார். உட்காரப் போனவர் மறுபடி நிமிர்ந்தார். "அவங்க பேரு மிசஸ் பிரெவிட். அத நான் போன்ல சொல்லியிருக்கணும்."

திருட்டு வழக்கு அங்கேயே விழுந்தது. கூச்சலுக்கு ஒரு எச்சரிக்கை. பதினைந்து நிமிஷம்கூட ஆகவில்லை. வாசலில் கேமராக்கள் இரண்டு பக்கத்தாரையும் கேட்டன. இரண்டு பக்கத்தாரும் தாங்களே ஜெயித்ததாகச் சொன்னார்கள். பிறகு கேமராக்காரர்கள் வண்டிகளைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்த வாரம் கடிதம் நாலு. அதற்கடுத்த வாரம் கேஸ் பில் மட்டும். மேயர் செனட்டுக்கு நின்று தோற்றார். அதற்கு நாற்காலி காரணமா என்று முடிதிருத்தும் கடையில் இன்னும் சண்டை போடுகிறார்கள்.

*

இப்போது அந்தப் பள்ளிக்கூடம் மூடிவிட்டது. முக்கில் சிக்னல் விளக்குத் தொங்குகிறது. ஓடெல் இல்லை, சபோல் இல்லை. பனிக்காலத்தில் பிளாஸ்டிக் நாற்காலி வைக்கிறார்கள்; காற்றடித்தால் பறந்துவிடுகிறது. ஆனால் எனக்கு அந்த முக்கு என்றால் மார்ச் மாதத்து முதல் திங்கட்கிழமைதான்.

வெர்லீனுக்கு மேல்சட்டை திரும்பி வந்த நாள். கரி லாரிகள் வழக்கம்போல் மூச்சை அடக்கின. யோடர் வீட்டுச் சின்னக்குட்டி ஓடிவந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டது. நான் நடைபாதையில் பையோடு நின்றிருந்தேன்.

அப்போது மேட்டுச்சாலையிலிருந்து போலீஸ் கார் இறங்கியது. ஓட்டியது டேனி.

பலகை உயர்ந்தது. கார் நின்றது.

பிள்ளைகள் கடந்தார்கள். கடைசியாக ஒற்றைக் கையுறையோடு ஒரு பெண்பிள்ளை. நடைபாதையில் ஏறியாகிவிட்டது. சாலை காலி.

பலகை இறங்கவில்லை.

வெர்லீன் நடுச்சாலையில் நின்றாள். காரின் முன்கண்ணாடிக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் ஒரு பால் வண்டி வந்து நின்றது. அதன் பின்னால் ஒரு பஸ். யாரும் ஹார்ன் அடிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் மணி அடித்து ஓய்ந்தது. டேனி காரின் மேலிருக்கும் விளக்கைச் சுழலவிட்டு ஒரு நொடியில் அவள் பலகையைத் தாண்டிப் போயிருக்கலாம். அந்த அதிகாரம் அவனுக்கு உண்டு.

அவன் கை சாவிப் பக்கம் போனது. எஞ்சினை அணைத்தான்.

ஊர் எவ்வளவு அமைதியாக இருக்க முடியும் என்று அன்றைக்குத்தான் கேட்டேன். பனி உருகிச் சாக்கடையில் சொட்டும் சத்தம் மட்டும். அவன் சன்னலை இறக்கினான்.

"குட் மார்னிங், மிஸ் வெர்லீன்."

 அவள் இன்னும் கொஞ்சநேரம் அவனை நிறுத்திவைத்தாள். பிறகு பலகையை இறக்கி, ஓரமாக ஒதுங்கி, கையை வீசினாள்.

"போடா," என்றாள்.